மானுக்கும் எல்க்குக்கும் ஒரே குண்டா? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் அமெரிக்க மேற்கு மாநிலங்களின் இலையுதிர் கால வேட்டைப் பருவத்தைப் பற்றி நாலு பத்தி எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை துப்பாக்கியைப் பற்றி அல்ல, அதில் போடும் தோட்டாவைப் பற்றியே கேட்டிருந்தன. கேட்க வேண்டியதும் அதைத்தான்.

முதலில் ஒரு சொல் விளக்கம். நம் பேச்சில் தோட்டா, குண்டு, ரவை மூன்றும் ஒன்றுக்கொன்று மாறி வரும். இந்தப் பக்கங்களில் தோட்டா என்பது பித்தளைக் கூடு, அதன் அடியில் பொருத்திய, மருந்தைப் பற்றவைக்கும் கேப், உள்ளிருக்கும் வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு ஆகிய நான்கும் சேர்ந்த முழுப் பொருள். குண்டு என்பது குழலை விட்டுப் பறந்து விலங்கின் மேல் படுகிற உலோகத் துண்டு மட்டும். குண்டையும் மருந்தையும் அமெரிக்காவில் கிரெய்ன் என்ற அளவில் நிறுக்கிறார்கள். 7,000 கிரெய்ன் ஒரு பவுண்டு. தட்டார் தராசில் வைக்கும் குன்றிமணி ஒன்று ஏறக்குறைய 2 கிரெய்ன் என்று வைத்துக்கொண்டால் கைக்கணக்கு பிடிபடும். .30-06, .308, 6.5 க்ரீட்மோர் என்று வருபவை தோட்டா வகைகளின் பெயர்கள்; அவற்றைச் சுடும் துப்பாக்கியையும் அதே பெயரால் அழைப்பார்கள். எல்க் என்பது வட அமெரிக்காவின் பெரிய மான் வகை.

கேள்வி (டென்வர், கொலராடோ): பழைய .30-06 ரைஃபிள் ஒன்றை வாங்கியிருக்கிறேன். இந்தப் பருவத்தில் மியூல் மானுக்கும் பெண் எல்க்குக்கும் உரிமம் கிடைத்திருக்கிறது. கடைக்காரர் மானுக்கு 150 கிரெய்ன், எல்க்குக்கு 180 கிரெய்ன் என்று இரண்டு வகைப் பெட்டிகளை எடுத்து வைத்தார். உண்மையிலேயே இரண்டும் வேண்டுமா?

பதில்: வேண்டாம், ஒன்றே போதும். கடைக்காரர் தவறாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. ஆனால் அவர் எடையை முதலில் வைக்கிறார். நான் குண்டின் கட்டுமானத்தை முதலில் வைப்பேன்.

ஒரே துப்பாக்கியில் இரண்டு எடைக் குண்டுகளைப் போட்டால் இரண்டும் ஒரே இடத்தில் படுவதில்லை. உயரத்தில் மட்டுமல்ல, சில துப்பாக்கிகளில் பக்கவாட்டிலும் விலகும். மானுக்குக் குறி சரி செய்த தொலைநோக்கியோடு மறுநாள் எல்க்குக்குப் போய், எந்தப் பெட்டியிலிருந்து எடுத்தோம் என்று மலைச்சரிவில் நின்று யோசிப்பதைவிட, இரண்டுக்கும் பொருந்தும் ஒரு குண்டைத் தேர்ந்து அதிலேயே கை பழகுவது மேல். .30-06-க்கு அந்த நடுவழி 165 அல்லது 168 கிரெய்ன். நம் கணக்கில் ஒன்றே கால் பவுனுக்குச் சற்று மேல். சட்டமும் குறுக்கே வராது. கொலராடோவில் எல்க்குக்குக் குண்டின் எடை குறைந்தது 85 கிரெய்னும், குழல் விட்டம் குறைந்தது .24 அங்குலமும், 100 கெஜத்தில் ஆற்றல் 1,000 அடி-பவுண்டும் இருக்க வேண்டும், குண்டு விரியும் வகையாக இருக்க வேண்டும் என்பதே விதி. உங்கள் துப்பாக்கி அதை எட்டியே பார்க்காமல் தாண்டிவிடும்.

இனி கட்டுமானம். வேட்டைக் குண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு வேக வரம்பு உண்டு. கீழெல்லைக்குக் குறைந்த வேகத்தில் பட்டால் அது விரியாமல் ஊசி போல் துளைத்துப் போய்விடும்; விலங்கு காயத்தோடு வெகு தூரம் ஓடும். மேலெல்லையைத் தாண்டிய வேகத்தில் பட்டால் மேற்புறத்திலேயே சிதறி, உள்ளே நுரையீரல் வரை போய்ச் சேராது. தொலைவில் சுடும்போதுதான் குண்டு ஏமாற்றும் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். ஈயக் குண்டைப் பொறுத்தவரை அருகில் சுடும்போதுதான் ஏமாற்றம் அதிகம். வினாடிக்கு 2,800 அடி வேகத்தில் புறப்படும் குண்டு 300 கெஜத்தில் ஏறக்குறைய 2,200 அடியாகத் தணிந்திருக்கும்; அந்த வேகத்தில் சாதாரணக் குண்டும் அழகாக விரியும். அதே குண்டு முப்பது கெஜத்தில், தேவதாரு மரங்களுக்கிடையே திடீரென்று எழுந்து நிற்கும் எல்க்கின் தோள் எலும்பில் பட்டால், கதையே வேறு.

ஆரிகன் மாநிலத்தில் லாரி ஓட்டித் தொழில் நடத்திய ஜான் நாஸ்லர் கண்டதும் இதைத்தான். 1946-ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், சேறு அப்பிக் காய்ந்த தோலுடைய, மூஸ் என்னும் மிகப் பெரிய மான் ஒன்றின் மீது அவர் அருகிலிருந்து சுட்ட குண்டுகள் உள்ளே போகாமல் சிதறின. அவரிடம் இருந்தது .300 எச் அண்ட் எச் மேக்னம் என்ற வலு மிகுந்த வகை. துப்பாக்கியின் வலு குறைவாக இருந்ததால் அல்ல, கூடுதலாக இருந்ததால்தான் குண்டு உடைந்தது. ஊருக்குத் திரும்பியவர் குண்டின் செம்பு உறைக்குள் நடுவே ஒரு குறுக்குச் சுவரை விட்டார். முன்னறையிலுள்ள ஈயம் விரிந்து சிதறலாம். பின்னறையிலுள்ளது சுவருக்குப் பின்னால் பத்திரமாக இருந்து உள்ளே ஊன்றிப் போகும். பார்ட்டிஷன் என்ற பெயரில் 1948-லிருந்து விற்பனைக்கு வந்த அந்தக் குண்டு இன்றும் கடையில் கிடைக்கிறது.

என் மேசை இழுப்பறையில் ஒன்று கிடக்கிறது. ஒரு பெண் எல்க்கின் மறுபக்கத் தோலுக்கு அடியில், தோலை உரிக்கும்போது விரலுக்கு நெருடலாகத் தட்டுப்பட்டது. 180 கிரெய்னாகப் போனது, கழுவி நிறுத்தால் 118 கிரெய்ன். முன்பாதி மழையில் நனைந்த குடைக்காளான் போல மடிந்து கிடக்கிறது. பின்பாதி, பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்தது போல வழவழவென்று நேராக நிற்கிறது. மூன்றில் ஒரு பங்கை இழந்தும் வேலையை முடித்த குண்டு அது.

ஆகவே உங்கள் 165 கிரெய்ன் குண்டு பார்ட்டிஷன் வகையாகவோ, உறையோடு ஈயத்தை உருக்கி ஒட்டிய பாண்டட் வகையாகவோ, முழுச் செம்பாகவோ இருக்கட்டும். மெல்லிய உறைக்குள் ஈயத்தை வெறுமனே வைத்து அழுத்திய சாதாரண வகை, தொண்ணூறு கிலோ எடையுள்ள மானுக்கு நல்லது, மலிவானதும்கூட. பெண் எல்க்கோ இருநூறு கிலோவுக்கு மேல் இருக்கும். அது எந்தக் கோணத்தில் நிற்கும் என்பது உங்கள் கையில் இல்லை. எல்க்குக்குத் தாங்கும் குண்டு மானுக்கும் தாங்கும். மானுக்கு மட்டும் தாங்குவதை எல்க்கிடம் கொண்டுபோக வேண்டாம்.

கேள்வி (உதகமண்டலம்): நீங்கள் எழுதும் எல்க் என்பது எங்கள் ஊர்க் கடமான்தானே? இங்கே எல்க் ஹில் என்றே ஒரு குன்று இருக்கிறது. அங்கே முருகன் கோயிலுக்கு அடிக்கடி போகிறவன் நான்.

பதில்: பெயர் ஒன்று, விலங்கு வேறு. நீலகிரியிலும் இலங்கை மலைநாட்டிலும் குடியேறிய ஆங்கிலேயர்கள் கடமானைப் பார்த்து எல்க் என்று சொல்லிவிட்டார்கள். உங்கள் குன்றின் பெயரும், நுவரெலியாவுக்கு அருகிலுள்ள எல்க் பிளெயின்ஸ் என்ற சமவெளியின் பெயரும் அந்த வழக்கத்தின் எச்சங்கள். ஐரோப்பாவிலோ எல்க் என்றால் அமெரிக்கர் மூஸ் என்று அழைக்கும் விலங்கு. வட அமெரிக்காவில் எல்க் எனப்படுவது வாபிட்டி. வெளிறிய பின்புறத்தைக் குறிக்கும் ஷானி மக்களின் சொல் அது. வளர்ந்த ஆண் முந்நூறு கிலோவைத் தாண்டும். கடமானும் பெரிய மான்தான் என்றாலும், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று அதன்மேல் எந்தக் குண்டு பொருந்தும் என்ற பேச்சுக்கே இந்தியாவில் இடமில்லை. இந்தப் பக்கத்தில் வருவதெல்லாம் உரிமம் பெற்று வேட்டையாட இடமுள்ள நாட்டுக்கான செய்தி.

கேள்வி (பார்கோ, வடக்கு டகோட்டா): என் கணவர் ஆண்டுதோறும் நவம்பரில் வெண்வால் மான் சுட்டுக் கொண்டுவருவார். பாதியைக் கொத்துக்கறியாக அரைத்து உறைய வைத்துவிடுவோம். ஐந்தும் எட்டும் வயதுள்ள பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். ஈயக் குண்டால் சுட்ட கறியைக் கொடுக்கலாமா என்று என் மாமியாரே சந்தேகம் கிளப்பியிருக்கிறார்.

பதில்: உங்கள் மாமியார் கேட்டது சரியான கேள்வி. உங்கள் மாநிலத்துக்கே இதில் ஒரு வரலாறு இருக்கிறது. 2008-ல் வடக்கு டகோட்டாவில் ஏழைகளுக்கான உணவு வங்கிகளுக்கு வேட்டைக்காரர்கள் கொடுத்திருந்த அரைத்த மான் கறியை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது ஈயத் துகள்கள் தெரிந்தன. அந்தக் கறியை அப்புறப்படுத்தும்படி மாநிலச் சுகாதாரத் துறை கேட்டுக்கொண்டது. அதே ஆண்டு அந்த மாநிலத்தில் 738 பேருடைய இரத்தத்தைச் சோதித்ததில், வேட்டைக் கறி உண்பவர்களின் இரத்த ஈய அளவு மற்றவர்களைவிட டெசிலிட்டருக்கு 0.30 மைக்ரோகிராம் கூடுதலாக இருந்தது. பெரியவர்களைப் பதறவைக்கும் அளவு இல்லைதான். ஆனால் குழந்தைகளைப் பொறுத்தவரை இவ்வளவு வரை பாதுகாப்பானது என்று சொல்லத்தக்க ஈய அளவு எதுவும் கிடையாது.

ஈயம் கறிக்குள் எப்படிப் போகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் செய்ய வேண்டியது தானே விளங்கும். வேகமாக வரும் மென்மையான குண்டு சதையில் பட்டதும், கல்லில் பட்ட நீர்த்துளி போலத் தெறிக்கிறது. பெரிய துண்டுகள் குண்டு போன பாதையிலேயே கிடக்கும். கண்ணுக்குத் தெரியாத, பல்லிலும் படாத துகள்கள் பாதையை விட்டு வெகுவாக விலகிப் போகும். மினசோட்டா மாநில இயற்கை வளத் துறை அதே 2008-ல் ஆட்டு உடல்களில் சுட்டுச் சோதித்தபோது, காயத்திலிருந்து ஒரு அடிக்கும் அப்பால் துகள்கள் கிடைத்தன. இரத்தம் கட்டிய சதையை மட்டும் நறுக்கி எறிந்துவிட்டால் போதும் என்ற பழைய வழக்கம் இதனால்தான் போதாது. அரைக்கும் இயந்திரம் ஒரு இடத்தில் இருந்த துகளை முழுக் கறிக்கும் பரப்பிவிடும்.

எளிய வழி, குண்டை மாற்றுவது. முழுச் செம்புக் குண்டின் முனையில் ஒரு குழி இருக்கும். பட்டதும் அது நான்கு இதழாக விரிந்து, எடையை அநேகமாக அப்படியே வைத்துக்கொண்டு ஊடுருவிப் போகும். எப்போதாவது ஓர் இதழ் ஒடிந்தாலும் அது செம்பு, அதுவும் பெரிய துண்டு. உங்கள் கணவரின் துப்பாக்கிக்கு எந்த எடை சரிப்படும் என்பதை அடுத்த கேள்வியின் பதிலோடு சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள். உறைபெட்டியில் இருக்கும் பழைய கொத்துக்கறியை என்ன செய்வது என்றால், நானாக இருந்தால் பிள்ளைகளின் தட்டில் வைக்க மாட்டேன்.

கேள்வி (சாக்ரமென்டோ, கலிஃபோர்னியா): இங்கே ஈயக் குண்டுக்குத் தடை என்பதால் என் .308 ரைஃபிளுக்கு 168 கிரெய்ன் செம்புக் குண்டு வாங்கினேன். ஈயக் குண்டை ஒரு அங்குலத்துக்குள் அடுக்கிய துப்பாக்கி, இதை நான்கு அங்குலத்துக்குச் சிதற அடிக்கிறது. குண்டு மோசமா, குழல் தேய்ந்துவிட்டதா?

பதில்: இரண்டும் இல்லாமலிருக்க வாய்ப்பு உண்டு. செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. ஈயத்தின் அடர்த்தி 11.3 என்றால் செம்பு 9-க்குச் சற்றுக் கீழே. அதே விட்டத்தில் அதே எடை வர வேண்டுமானால் செம்புக் குண்டு நீண்டாக வேண்டும். நீண்ட குண்டை நேராகப் பறக்க வைக்கக் குழலுக்குள் இருக்கும் புரிகள் அதை வேகமாகச் சுழற்ற வேண்டும். பழைய .308 துப்பாக்கிகள் பலவற்றில் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்றுதான்; .30-06-இல் வழக்கமாக 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. துடைப்புக் கோலில் இறுக்கமாகத் துணியைச் சுற்றிக் குழலுக்குள் தள்ளி, கோல் ஒரு முழுச் சுற்றுத் திரும்ப எத்தனை அங்குலம் போகிறது என்று அளந்து பாருங்கள். 12 என்று வந்தால் 130 அல்லது 150 கிரெய்னுக்கு இறங்குங்கள். எடை குறைகிறதே என்று கவலைப்பட வேண்டாம். செம்பு எடையை இழக்காது என்பதால், 150 கிரெய்ன் செம்பு உள்ளே போகும் ஆழத்துக்கு 180 கிரெய்ன் சாதாரண ஈயக் குண்டு பல நேரம் ஈடு கொடுக்காது.

இன்னும் இரண்டு செய்திகள். ஈயக் குண்டு சுட்ட குழலில் படிந்திருக்கும் உலோகப் படிவை வெள்ளை உலோகம் தெரியும்வரை துடைத்துவிட்டுப் பிறகு செம்பைச் சுட்டுப் பாருங்கள். கையால் தோட்டா நிரப்புகிறவராக இருந்தால், குண்டின் தோளுக்கும் குழலின் புரி தொடங்கும் இடத்துக்கும் நடுவே 0.05 அங்குலம் இடைவெளி விட்டுத் தொடங்குங்கள். புரியைத் தொட்டுக்கொண்டு உட்கார்வதைச் செம்பு விரும்பாது. அதன் வேக வரம்பும் மேலே தள்ளி இருக்கிறது. அருகில் எவ்வளவு வேகமாகப் பட்டாலும் உடையாது. ஆனால் 2,000 அடிக்குக் கீழே வேகம் இறங்கினால் பல செம்புக் குண்டுகளின் இதழ் சரியாக விரியாது. ஆகவே தொலைதூரச் சூட்டை ஈயக்காரர்களுக்கு விட்டுவிடுங்கள்.

இந்தத் தடை எதற்கு என்று உங்களுக்குச் சலிப்பு வரலாம். 1982-ல் உலகத்திலேயே 22 கலிஃபோர்னியக் காண்டார்க் கழுகுகள்தான் எஞ்சியிருந்தன. வேட்டைக்காரர் விட்டுச்செல்லும் குடலையும் கழிவையும் தின்னும் பறவை அது. அதிலிருக்கும் ஈயம்தான் இன்றுவரை அதன் முதன்மையான எமன். 2013-ல் இயற்றப்பட்ட சட்டம் 2019 ஜூலை 1 முதல் மாநிலம் முழுவதும் வேட்டைக்கு முழுமையாக நடைமுறைக்கு வந்தது. டென்மார்க் 2024 ஏப்ரல் முதல் ரைஃபிள் குண்டிலும் ஈயத்தைத் தடை செய்துவிட்டது. இன்று கலிஃபோர்னியாவில் கற்றுக்கொள்வது வீண் போகாது.

கேள்வி (பாய்சி, ஐடஹோ): 6.5 க்ரீட்மோர் எல்க்குக்குப் போதாது என்று அலுவலக நண்பர்கள் கேலி செய்கிறார்கள். .300 மேக்னம் வாங்கிவிடலாமா?

பதில்: உங்கள் மாநிலத்திலேயே தொடங்கிய பழைய சண்டை இது. ஐடஹோவின் சால்மன் ஊரில் வாழ்ந்த எல்மர் கீத், எல்க்குக்குக் கனமான, விட்டம் பெருத்த குண்டே வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் எழுதினார். அவருக்கு எதிர்முனையில் நின்ற ஜாக் ஓ'கானர், 1925-ல் வந்த .270 வின்செஸ்டரைத் தூக்கிப் பிடித்தார். இருவரும் ஏராளமான எல்க்குகளைச் சுட்டவர்கள். அவர்கள் காலத்துக் குண்டுகளின் தரத்தை வைத்துப் பார்த்தால் கீத் பக்கம் நியாயம் இருந்தது. குண்டு உடையும் என்று தெரிந்தால், உடைந்த பிறகும் மிச்சமிருக்கும் அளவுக்குப் பெரிதாக எடுத்துப் போவதே புத்தி. இன்றைய பாண்டட் குண்டும் செம்புக் குண்டும் அந்த நியாயத்தைப் பெரிதும் கரைத்துவிட்டன.

2007-ல் இலக்குச் சூட்டுப் போட்டிக்காக வந்த க்ரீட்மோர், 140 கிரெய்ன் குண்டை 2,700 அடி வேகத்தில் அனுப்பும். மெலிந்து நீண்ட குண்டு என்பதால் காற்றில் வேகத்தை வீணாக்காமல் 300 கெஜத்திலும் ஏறக்குறைய 2,200 அடி வைத்திருக்கும். தோளுக்குப் பின்னால், பக்கவாட்டில் நிற்கும் எல்க்குக்கு அது போதும். எல்க் கோணலாக நின்றால், ஒரு தோளை உடைத்து மறுபக்கத்தை எட்ட வேண்டிய நிலை வந்தால், .30-06-ஐ வைத்திருப்பவர் சுடக்கூடிய இடத்தில் நீங்கள் காத்திருக்க வேண்டியிருக்கும். அவ்வளவே வேறுபாடு.

அதற்கு ஈடாக உங்களுக்குக் கிடைப்பது உதை குறைவு. .30-06-இன் உதையில் மூன்றில் இரண்டு பங்குதான் க்ரீட்மோருக்கு; .300 மேக்னம் க்ரீட்மோரைவிட இருமடங்குக்கு மேல் உதைக்கும். சுடுதளத்தில் மேக்னத்தோடு வரும் புதியவர்களைப் பக்கத்திலிருந்து கவனித்திருக்கிறேன். மூன்றாவது தோட்டாவிலேயே விசையை இழுக்கும் முன் கண் மூடிக்கொள்கிறது. நான்காவதில் தோள் பின்வாங்குகிறது. நண்பர்களின் கேலிக்காக அப்படி ஒரு பழக்கத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

கேள்வி (ஹூஸ்டன், டெக்சஸ்): தோட்டா விலை ஏறிக்கொண்டே போகிறது. வீட்டிலேயே நிரப்பிக்கொண்டால் மிச்சமாகுமா? .30-06-க்கு நீங்கள் நிரப்பும் மருந்து அளவைத் தந்தால் அதையே பின்பற்றுவேன்.

பதில்: அளவைத் தர மாட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். என் துப்பாக்கியில் நிதானமாக இருக்கும் அளவு, குழலில் தோட்டா உட்காரும் அறை சற்றுக் குறுகிய உங்கள் துப்பாக்கியில் அளவு மீறியதாகிவிடலாம். மருந்தும் குண்டும் செய்கிற நிறுவனங்கள் சோதனைக் குழலில் அழுத்தம் அளந்து கையேடு வெளியிடுகின்றன. நீங்கள் வாங்கும் அதே குண்டு, அதே மருந்து இருக்கும் பக்கத்தைப் பிரித்து, அதில் தொடக்க அளவு என்று போட்டிருப்பதிலிருந்து அரை அரைக் கிரெய்னாக ஏறுங்கள். .30-06-க்கு விதித்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. காருக்கு 32 பவுண்டு காற்று அடிக்கிறோம். கன்னத்திலிருந்து நான்கு விரல் தொலைவில் நடக்கும் காரியம் இது என்பதை மறக்கக் கூடாது. சுட்ட கூட்டின் கேப் தட்டையாகி ஓரம் மறைவது, கூட்டின் அடியில் பளபளப்பான வட்டத் தடம் விழுவது, அறையை மூடும் தாழான போல்ட்டைத் தூக்கக் கை கனப்பது ஆகிய மூன்றில் ஒன்று கண்ணில் பட்டாலும் அங்கே நிறுத்திவிட்டுக் கீழே இறங்க வேண்டும்.

மிச்சமாகுமா என்றால், ஆண்டுக்கு இரண்டு பெட்டி சுடுகிறவருக்கு ஆகாது. கூட்டை அழுத்தும் பிரஸ், அதற்கு வடிவு தரும் அச்சான டை, தராசு வாங்கிய பணம் திரும்பவே பல பருவம் பிடிக்கும். கூடுதல் வேகத்துக்காகவும் நிரப்ப வேண்டாம். ஐம்பது அடி வேகத்தை எந்த எல்க்கும் உணராது. கடையில் கிடைக்காத குண்டை உங்கள் குழலுக்குப் பிடித்த வேகத்தில், ஒவ்வொரு தோட்டாவும் முந்தையதைப் போலவே இருக்கும்படி செய்துகொள்வதுதான் இதில் உண்மையான லாபம்.

வேலை நிதானமான வேலை. கூட்டை வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்துத் துடைத்து, லேசாக மசகு தடவி டைக்குள் அழுத்தினால் பழைய கேப் கழன்று, ஊதிப்போயிருந்த உடல் பழைய வடிவுக்கு வரும். மசகைக் கஞ்சத்தனமாகத் தடவினால் கூடு டைக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். மிகையாகத் தடவினால் தோளில் பள்ளம் விழும். .30-06 கூடு 2.494 அங்குலத்துக்கு மேல் நீண்டிருந்தால் வெட்டி 2.484-க்குக் கொண்டுவர வேண்டும். பிறகு புதுக் கேப், மருந்து, குண்டு. மேசைமேல் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும். கைப்பேசி அடுத்த அறையில் கிடக்கட்டும்.

எனக்குப் பிடித்த கட்டம் மருந்து ஊற்றி முடித்த பிறகு வருவது. ஐம்பது கூடுகளும் மரப்பலகையின் குழிகளில் வாய் திறந்து வரிசையாக நிற்கும். அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தால், மிளகைப் பொடித்து ஊற்றியது போலக் கரும்பழுப்பு மணிகள் ஒவ்வொரு கூட்டின் கழுத்துக்கும் கீழே ஒரே மட்டத்தில் தெரியும். ஒன்று மட்டும் பள்ளமாக இருந்தால் உடனே கண்ணில் குத்தும். .30-06-க்கான, மெதுவாக எரியும் மருந்து கூட்டை ஏறக்குறைய நிரப்பிவிடுவதால் தவறிப்போய் இரண்டு முறை ஊற்றினால் வழிந்து காட்டிக்கொடுக்கும். அந்த வகையில் கைத்துப்பாக்கித் தோட்டாவைவிட இது மன்னிக்கும் குணமுடையது.

என் கதை ஒன்று. முதல் பருவத்தில், நண்பர் ஒருவர் சும்மா கொடுத்த கூடுகளைக் கழுத்தை மட்டும் இறுக்கி நிரப்பிக்கொண்டு எல்க்குக்குப் போனேன். அவை அவருடைய துப்பாக்கியின் அறை அளவுக்கு ஊதியவை. விடிகாலையில் ஓர் ஆண் எல்க் எண்பது கெஜத்தில் வந்து நிற்க, என் போல்ட் முக்கால் பங்கு மூடி நின்றுவிட்டது. தள்ளினேன், அடித்தேன், எல்க் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தே போனது, ஓடக்கூட இல்லை. அன்றிலிருந்து வேட்டைத் தோட்டா என்றால் கூட்டின் முழு உடலையும் டையில் அழுத்துகிறேன். மலைக்குப் போகுமுன் சுடுதளத்தில், குழல் மண்மேட்டை நோக்கியிருக்க, ஒவ்வொரு தோட்டாவையும் அறையில் ஏற்றி இறக்கிப் பார்க்கிறேன். ஹூஸ்டனின் ஜூலை வெயிலில் சரி பார்த்த மருந்து, கொலராடோவின் நவம்பர்ப் பனியில் வேகம் குறையும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆஸ்திரேலியாவில் தயாராகி ஹாட்ஜன் பெயரில் விற்கும் எச்4350 போன்ற மருந்துகள் வெயில் குளிருக்கு அதிகம் அசைந்துகொடுப்பதில்லை.

கேள்வி (சியாட்டில், வாஷிங்டன்): எச்-1பி விசாவில் இருக்கிறேன். தோட்டா வாங்கலாமா?

பதில்: குடியேறா விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பவருக்கு விலக்கு உண்டு. உரிமம் காலாவதியானால் விலக்கும் போய்விடும். அலமாரியில் மறந்துபோன அரைப்பெட்டித் தோட்டாவும் கணக்கில் வரும். உரிமத்தைப் புதுப்பிக்கும் நாளை விசாத் தேதியைப் போலவே குறித்து வையுங்கள்.

கேள்வி (சேந்தமங்கலம், நாமக்கல் மாவட்டம்): கொல்லிமலை அடிவாரத்துக்காரன் நான். வல்வில் ஓரி விட்ட ஒரே அம்பு யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் துளைத்து உடும்பில் போய்த் தைத்ததாகச் சொல்லி வளர்த்தார்கள். எல்க்கைத் துளைத்து வெளியே போகும் குண்டு நல்லதா, உள்ளேயே நின்றுவிடுவது நல்லதா?

பதில்: வெளியே போவதே நல்லது என்பது என் கட்சி. உள்ளே நின்றால் ஆற்றல் முழுவதும் விலங்குக்குள்ளேயே செலவாகிறது என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் நுழைந்த துளை சிறியது. எல்க்கின் அடர்ந்த மயிரும் தோலும் அதை மூடிக்கொள்ளும். வெளியேறும் துளை பெரிது, பெரும்பாலும் தாழ்ந்தும் இருக்கும். இரத்தம் அதன் வழியே சொட்டும். சுட்ட எல்க் நூறு கெஜம் ஓடிக் கரும்பச்சைக் காட்டுக்குள் மறைந்துவிட்டால், அந்தச் சொட்டுகளைத் தவிர வேறு வழிகாட்டி இல்லை.

ஆனால் ஓரியின் சாதனை இங்கே குற்றமாகிவிடும். எல்க் கூட்டமாக நிற்கும் விலங்கு. உங்கள் கையில் இருப்பது ஒரு எல்க்குக்கான உரிமம். முதல் விலங்கைத் துளைத்த செம்புக் குண்டு பின்னால் நிற்கும் இரண்டாவதைக் கொல்லும் வலுவோடுதான் வெளியேறும். ஒரு நவம்பர் மாலையில், பனி படர்ந்த புல்வெளியில் பதினொரு பெண் எல்க்குகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு மேய்ந்தன. நான் குறி வைத்திருந்ததன் வயிற்றுக்குக் கீழே, பின்னால் நின்ற ஒன்றின் நான்கு கால்கள் தெரிந்தன. இருபது நிமிடம் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அவை நகர்ந்தபோது சட்டம் அனுமதிக்கும் வெளிச்சம் முடிந்திருந்தது. தோட்டாவை அறையிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தேன்.